குப்புறப் படுத்தால் தெரிவது

மனிதர்களைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டால் பாதிப் பேருக்கு மரியாதை மிஞ்சாது. தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறவள் என் மேசையில் ஏறிப் படுத்ததும் பார்த்தால், ஒரு தோள் காதைத் தொட்டுக்கொண்டு நிற்கும், இன்னொன்று எங்கோ கிடக்கும். "தினமும் எக்சர்சைஸ் பண்றேன்" என்பாள். இடுப்பில் கை வைத்ததும் தெரிந்துவிடும், அம்மா தினமும் செய்வது சோபாவில் சாய்வது ஒன்றுதான். "எனக்கு டென்ஷனே கிடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி படுத்தாள். கழுத்து நரம்பு இரண்டும் துணி காயப்போடும் கொடி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றன. வாய் என்ன வேண்டுமானாலும் அளக்கட்டும், முதுகு என் கையில் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் நான் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனசுக்குள் என்ன ஓடினாலும் என் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அவர்கள் பேசினால் "ம்" என்பேன். நோகிற இடம் வந்தால் "இங்கயா?" என்பேன். மற்றபடி வேலை. இந்தத் தொழிலில் நாக்கை அடக்கத் தெரிந்தவள்தான் பிழைப்பாள் என்று நம்பினேன்.

சொந்தமாக இடம் போடுவதற்கு முன்னால் ஒரு பெரிய மசாஜ் நிலையத்தில் வேலை பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் வாசனை மெழுகுவர்த்தி, மங்கல் வெளிச்சம், கூரைக்குள்ளிருந்து புல்லாங்குழல். ஒரே புல்லாங்குழல், ஒரே பாட்டு, வருஷக்கணக்காக. ஊதியவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பார், எங்களுக்கு மட்டும் விடுதலை இல்லை. அந்த இடத்தின் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மூச்சம்மா. யார் வந்தாலும் "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பாள். பல்பு மாற்ற வந்த எலக்ட்ரீஷியனுக்கும் அதே உபதேசம்தான். அவன் ஏணி மேல் நின்றபடி இழுத்து விட்டான், பாவம்.

அங்கே ஐந்து அறைகள். என் அறையில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. மேசையில் முகம் வைக்க ஒரு வட்ட ஓட்டை இருக்கும் அல்லவா, அதற்கு நேர் கீழே தரையில் ஓர் அகலமான நீலப் பீங்கான் கிண்ணம். அதில் தண்ணீர், தண்ணீரில் நாலைந்து பூ. தினமும் காலையில் மூச்சம்மாவே வந்து தண்ணீரை மாற்றிவிட்டுப் போவாள். மற்ற நாலு அறையிலும் வெறும் தரைதான். அந்த நாலு பேரும் அதைப் பார்த்துப் புகைந்தார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. நல்ல கைக்கு நல்ல அறை, நல்ல அறைக்கு நல்ல அலங்காரம். ஆனாலும் தண்ணீரில் பூவை மிதக்கவிட்டால் இடுப்பு வலி போய்விடுமா என்று எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒருநாள் கேட்டே விட்டேன். "உன் ரூமுக்கு அது நல்லா இருக்கும்மா" என்றாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் சூடு பண்ணின கல்லைக் கொண்டுவந்தாள். வழவழவென்று கறுப்புக் கற்கள். கையை எடுத்துவிட்டுக் கல்லை வரிசையாக முதுகில் அடுக்க வேண்டுமாம், அதுதான் இப்போது மோஸ்தராம். இத்தனை வருஷம் கையைப் பழக்கியது கருங்கல் அடுக்கவா? அந்த வாரமே வேலையை விட்டேன். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மூச்சம்மா வாசல் வரை வந்தாள்.

"தனியா நிக்கிறது பெரிய விஷயம்மா. உன் கை மாதிரி ஒரு கை எனக்கு இனிமே கிடைக்காது," என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தக் கிண்ணத்த வேணும்னா எடுத்துட்டுப் போயேன்" என்றாள்.

தெருமுனை திரும்பியதும் சிரித்தேன். இத்தனை வருஷ உழைப்புக்குக் கடைசியில் ஒரு பீங்கான் கிண்ணம்.

இடம் தேடி அலைந்த கதை தனிக் கழுத்தறுப்பு. "என்ன தொழில்?" என்பார்கள். மசாஜ் என்றதும் ஒருத்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருத்தர் தன் மனைவியைப் பார்த்தார், ஒருத்தர் என்னையே மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு வாடகையை ஏற்றினார். பெண்களுக்கு மட்டும்தான், வலிக்குத்தான், படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு பாதி மூடியிருக்கும். கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கடைக்கு மேலே இருந்த அறையைத் தர ஒத்துக்கொண்டார். ஆனால் தனி ஆளை நம்பித் தர மாட்டாராம், பொறுப்பான ஆண்பிள்ளை ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்குக் கல்யாணம் ஒன்று நடந்து அது முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர் முதுகும் சுமார்தான். ஆகவே பொறுப்பான ஆண்பிள்ளை என்றால் எனக்கு இருந்தது அக்கா புருஷன் ஒருத்தர்தான்.

அத்தான் குழாய்க் கடை வைத்திருக்கிறார். குழாய், வாஷ்பேசின், கழிவறைச் சாமான். அந்தக் கடையை வைத்துக்கொண்டு அவர் உலகத்துக்கே வியாபாரம் சொல்லிக் கொடுப்பார். உட்கார வைத்து ஒரு பாட்டம் பாடிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.

"உன் தொழில்ல சரக்கு எங்க இருக்கு? நான் ஒரு குழாய வித்தா அவன் கையில குழாய் இருக்கும். உன்கிட்ட காசு குடுத்துட்டுப் போறவன் கையில என்ன இருக்கும்?"

"வலி இருக்காது, அத்தான்."

"அதான். ஒண்ணும் இருக்காது," என்று அவரே முடித்தார். "சரி, கையெழுத்துப் போடறேன். இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் பாரு. அதுக்குள்ள நிலையா வர்ற ஆளுங்க சேர்ந்துட்டா நல்லது. சேரலைன்னா மூடிட்டு வந்து நம்ம கடை கல்லாவுல உக்காரு. வீட்டு ஆளு உக்காந்தா எனக்கும் நிம்மதி."

கல்லாவில் உட்காருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் பேசுவதை வாழ்நாள் முழுக்க, இடைவேளை இல்லாமல், கழிவறைத் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்பது. அதைவிட நான் கருங்கல் அடுக்கிவிட்டுப் போவேன். சரி என்று தலையாட்டினேன்.

அறையை நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். மேசையைத் தச்சரிடம் சொல்லிச் செய்யச் சொன்னேன்.

"மேசையில எதுக்குங்க ஓட்டை?" என்று கேட்டார் தச்சர்.

"மூஞ்சி வைக்க."

"யார் மூஞ்சி?"

"காசு குடுக்கிறவங்க மூஞ்சி."

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு ரம்பத்தை எடுத்தார். நிலையத்து மேசை ஓட்டை சின்னது, எழுந்திருக்கும்போது கன்னத்தில் வளையம் விழுந்திருக்கும். என்னுடையதைத் தாராளமாக அறுக்கச் சொன்னேன். நெற்றியிலிருந்து தாடை வரை இடிக்காமல், காற்றும் வெளிச்சமுமாக, மூச்சு முட்டாமல் இருக்கும். மேசையின் உயரம், நான் பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல் முட்டும் அளவு. சுவருக்கு வெள்ளை அடித்தேன். தரைக்கு வெள்ளை டைல்ஸ், ஒரு முடி விழுந்தாலும் தெரியும். ஜன்னலுக்கு மெல்லிய திரை. மெழுகுவர்த்தி கிடையாது, புல்லாங்குழல் கிடையாது, பூ கிடையாது, கிண்ணம் கிடையவே கிடையாது. தரை தரையாக இருக்கட்டும், கை வேலை செய்யட்டும். வெந்நீரில் நிற்கும் எண்ணெய்ப் புட்டி, துவைத்து மடித்த துண்டு, கணுக்காலுக்கு அடியில் வைக்க ஓர் உருளைத் தலையணை. நான் எப்போதும் வெறுங்காலில்தான் வேலை செய்வேன். பாரத்தைக் குதிகாலிலிருந்து கிளப்பிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். கை பலத்திலேயே அழுத்துகிறவள் சீக்கிரம் கட்டைவிரலைத் தொலைத்துவிட்டு வீட்டில் உட்காருவாள்.

ஆள் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தார்கள். அத்தான் அடித்துக் கொடுத்த நோட்டீஸைப் பார்த்தே சிலர் வந்தார்கள். அதில் ஒரு வாஷ்பேசின் படம் எப்படியோ ஓரத்தில் புகுந்திருந்தது. ஆண்களும் போன் செய்வார்கள். "என்னென்ன சர்வீஸ் இருக்கு?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். "குழாய், வாஷ்பேசின், கழிவறைச் சாமான்" என்று சொல்லி அத்தான் கடை நம்பரைக் கொடுத்துவிடுவேன். அவருக்கும் வியாபாரம் ஆகட்டுமே.

பெண்கள் வந்தார்கள், படுத்தார்கள், எழுந்தார்கள், வலி குறைந்ததென்று சொன்னார்கள். பொய் இல்லை. திருகிக்கொண்டு வந்தவள் நேராக இறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் இந்தத் தொழில் முதல் தடவை வருகிறவளை வைத்து ஓடுவதில்லை. இரண்டாவது தடவை வருகிறவளை வைத்துத்தான் ஓடும். இரண்டாவது தடவை ஒருத்தியும் வரவில்லை.

பேங்க்கில் வேலை பார்க்கிற ஒருத்தி போகும்போது என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்ல கை உங்களுக்கு" என்று மூன்று முறை சொன்னாள். அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டவள், அந்த வாரம் காய்ச்சல் என்றாள், அதற்கடுத்த வாரம் மாமியார் என்றாள், பிறகு போனையே எடுக்கவில்லை. நான் நினைத்தேன்: இதுகளுக்கு உடம்பு சரியாவதில் அக்கறை இல்லை, வலியைப் பற்றிப் பேசுவதில்தான் அக்கறை. வலி போய்விட்டால் நாலு பேரிடம் என்ன பேசும்?

கீழே கண்ணாடிக் கடைக்காரரின் மனைவியும் ஒருநாள் வந்தாள். வீட்டுக்காரி என்பதால் காசு வாங்கவில்லை. படுத்துக்கொண்டு முழு நேரமும் தன் மருமகளைத் திட்டினாள். நானும் "ம்" கொட்டினேன். பாதியில் பேச்சை நிறுத்திவிட்டாள். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது, கை அப்படி, என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிரே வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், குனிந்து என் காலைப் பார்ப்பாள். என் செருப்பு மலிவு என்று அவளுக்கு இளக்காரம். மருமகளுக்கும் இதே பார்வைதான் கிடைக்கும் என்று அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.

பல் டாக்டர் ஒருத்தி வந்தாள். அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துக் கழுத்து முன்னால் வந்துவிட்டிருந்தது. படித்தவள், ஆகவே வாய் ஓயாது. எனக்கே கழுத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள். தலைமாட்டில் நின்று தோளை இறக்கிக்கொண்டிருக்கையில் திடீரென்று பேச்சை மாற்றினாள்.

"என்கிட்ட வர்றவங்க மல்லாக்க படுப்பாங்க. அவங்களுக்கு என் மூஞ்சியும் மூக்கும்தான் தெரியும். எனக்கு வாய் நாத்தம் தாங்காம மூக்கு சுருங்குனா அவங்க மனசு நொந்து போகும். நான் மாஸ்க் போடறதே பாதி அதுக்குத்தான்."

"ம்," என்றேன்.

"உங்க தொழில்ல அந்தக் கஷ்டம் இல்லேன்னு நினைச்சேன்," என்றாள்.

என்ன உளறுகிறாள் என்று புரியவில்லை. படித்தவர்கள் பேசினால் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். அவளும் திரும்ப வரவில்லை.

வர வரக் கடை காற்று வாங்கியது. நான் துவைத்த துண்டையே மறுபடி துவைத்தேன். ஜன்னலில் நின்று தெருவில் போகிற முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூன், கோணல், ஒரு பக்கம் பை தூக்கித் தூக்கிச் சாய்ந்தது. எல்லோருக்கும் நான் வேண்டும், ஒருத்திக்கும் அது தெரியவில்லை. முட்டாள் ஜனங்கள். இதற்கு நடுவில் அத்தான் கல்லாவுக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சுழல் நாற்காலி, முதுகுக்கு நல்லதாம். என் முதுகைப் பற்றி அவர் எனக்குச் சொல்கிறார்.

மழை குறைந்து விட்டு விட்டுப் பெய்ய ஆரம்பித்த ஒரு பகல் நேரத்தில் அக்கா வந்தாள். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. திரும்ப வேண்டுமென்றால் ஆளே மொத்தமாகத் திரும்பினாள்.

"உங்க அத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாரு," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "மழை முடியப் போகுதாம். நாற்காலி வந்துடுச்சாம்."

"கழுத்துக்கு என்ன?"

"காலையில எந்திரிச்சதுலேருந்து இப்படி. அது தானா சரியாப் போயிடும்."

"படு."

"வேணாம்டி, எனக்குக் கூச்சம்."

"படு அக்கா."

இத்தனை மாசத்தில் அவள் ஒரு தடவைகூட இந்த மேசையில் படுத்ததில்லை. தங்கச்சி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "தெரபி" என்பாள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள். கூச்சம் கூச்சம் என்று சொல்லிக்கொண்டே ஏறிப் படுத்தாள். வட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்தாள். நான் துண்டைப் போர்த்தி, எண்ணெயைக் கையில் சூடு காட்டி, தலைமாட்டில் நின்று கழுத்தைப் பிடித்தேன். கல் மாதிரி இருந்தது. மெதுவாக ஆரம்பித்தேன்.

படுத்தவுடன் எல்லோரையும் போல அவளும் பேச ஆரம்பித்தாள். அவள் பெண் இந்தத் தடவை வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாளாம்.

"ம்," என்றேன். எனக்குத் தெரிந்து அந்தப் பெண் எண்களைக் கண்டால் ஓடுகிறவள்.

"நிஜமாத்தான். ரெண்டாவது," என்றாள் அக்கா. "நம்பலேன்னா போ."

நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். கழுத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். அவள் அடுத்து அத்தானைப் பற்றி ஆரம்பித்தாள். பாவம், வெளியில்தான் கறார், மனசு வெள்ளை, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

"ம்."

"அவரத் திட்டாத," என்றாள்.

"யார் திட்டுனா? நான் வாயே திறக்கல."

"அதான் தெரியுதே."

எனக்குக் கை நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். மேசைக்கு அடியிலிருந்து வருகிற அந்த அமுங்கின குரலில், அக்கா இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அவரு கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் சொன்னாரு. நான் ரெண்டு நாள் சாப்பிடல. பேசல. அதுக்கப்புறம்தான் போட்டாரு. நீ எங்க போய் நின்னாலும் எனக்குக் கவலை இல்லடி, ஆனா அந்தக் கல்லாவுல மட்டும் நீ உக்காரக் கூடாது. அவரு பேச்சக் கேட்டுக்கிட்டு வீட்டுல ஒரு ஆளு உக்காந்திருக்கேனே, அது போதும்."

நான் "ம்" என்றுதான் சொன்னேன். எப்போதும் சொல்கிற அதே "ம்". அக்காவாவது சாப்பிடாமல் இருப்பதாவது என்று உள்ளே ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடியது உண்மை. ஓடியது, அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை.

அக்காவின் தோள் என் கைக்குள் இறுகியது. இளகிக்கொண்டு வந்த கழுத்து மறுபடி கல்லானது.

"இதுக்குமா?" என்றாள்.

"எதுக்கு?"

"இதுக்குமாடி கட்டைவிரலால தரையத் தோண்டுவ?"

குனிந்து பார்த்தேன். என் வலது காலின் கட்டைவிரல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நான் பார்த்ததும் பிடிபட்ட மாதிரி இறங்கியது.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கழுத்து ஓரளவு திரும்பியது, அதைக் கவனிக்கிற நிலையில் அவளும் இல்லை, நானும் இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"சின்னதுலேருந்து உனக்கு இதான் பழக்கம். அம்மா திட்டும்போது மூஞ்சிய ஒண்ணுமே தெரியாத மாதிரி வெச்சுப்ப. அம்மா உன் மூஞ்சியவா பார்ப்பாங்க? காலைத்தான் பார்ப்பாங்க. 'பாரு, உள்ள என்னைக் கழுவி ஊத்தறா'ன்னு சொல்லிட்டு ரெண்டு போடுவாங்க. நீ எதுக்கு அடி வாங்குறேன்னு தெரியாம முழிப்ப."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"எல்லாருக்கும் தெரியும், உனக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு வந்த கோபத்தில் அவளை மறுத்துப் பேச வாய் வந்தது. அவள் என் தோளைப் பிடித்தாள். "பேசாத. படு."

"நான் எதுக்கு?"

"படுடி."

என் மேசையில் நான் படுத்ததில்லை. படுக்க என்ன இருக்கிறது? சமைக்கிறவள் தட்டில் உட்காருவாளா? ஏறிப் படுத்தேன். தாராளமாக அறுக்கச் சொன்ன வட்டத்துக்குள் முகத்தை வைத்தேன். நான் தேடித் தேடிப் போட்ட வெள்ளைத் தரை, நான் வரவழைத்த வெளிச்சம், அதன் நட்ட நடுவில், சினிமாத் திரையில் காட்டுகிற மாதிரி, அக்காவின் இரண்டு வெறுங்கால்கள். வேறு எதுவுமே இல்லை. தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மூடலாம், ஆனால் என்னிடம் வருகிறவர்களில், அதிகம் பழக்கமில்லாத ஒருத்தி தலைமாட்டில் நிற்கும்போது யார்தான் கண்ணை மூடுவார்கள்.

"இது உங்க அத்தானப் பத்தி நான் பேசும்போது," என்றது மேலேயிருந்து அவள் குரல். கட்டைவிரல் தூக்கி, தரையை ஒரு தோண்டுத் தோண்டியது. "இது என் பொண்ணு ரெண்டாவதா வந்ததுக்கு." ஒரு பாதம் எழுந்து இன்னொரு காலின் ஆடுசதையை அலுப்போடு தேய்த்துவிட்டு இறங்கியது. "இது, நான் சாப்பிடலேன்னு சொன்னதுக்கு." கட்டைவிரல் தட்டியது. தட், தட், தட். ஆள் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவள் தட்டுகிற தட்டு.

பேங்க்காரி, கண்ணாடிக் கடைக்காரர் மனைவி, பல் டாக்டர், இன்னும் வந்து போன அத்தனை பேரும் துணியைக் களைந்துவிட்டு, வலியோடு, இந்த வட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்து, அந்த நேரம் முழுக்க என் மனசை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்கள். கை வலியை எடுக்க எடுக்கக் கால் அவர்களை ஏசியிருக்கிறது. நல்ல கை என்று சொல்லிவிட்டு நாசூக்காகப் போய்விட்டார்கள். நான்தான் அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிக்கொண்டு ஈ ஓட்டியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. என் முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு, அதைப் பார்க்க அங்கே ஒருத்தியும் இருந்ததில்லை.

அப்போதுதான் அக்காவின் கால்களுக்கு நடுவில் இருந்த வெற்றுத் தரை கண்ணில் பட்டது. நிலையத்தில் கிண்ணம் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும்.

எழுந்து உட்கார்ந்தேன். ஐந்து அறை, அதில் என் அறையில் மட்டும். தினமும் காலையில் மூச்சம்மாவே வந்து தண்ணீர் மாற்றுவாள். அகலமான கிண்ணம். நின்று வேலை செய்யும்போது அது காலில் இடிக்குமே என்று நான் தள்ளித்தான் நிற்பேன். படுத்திருக்கிறவளுக்குப் பூவும் தண்ணீரும் தெரியும், என் கால் தெரியாது.

அக்கா எண்ணெயைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், சரியாகிவிட்டிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை. நான் அவள் கையைப் பிடித்து, "நான் நம்பறேன் அக்கா, நீ சாப்பிடாம இருந்தத" என்றேன். அவள் முதலில் என் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நான் கெளம்பறேன்," என்றாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தெரு காய்ந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே, "உங்க அத்தான்கிட்ட மழை இன்னும் விடலேன்னு சொல்லிடறேன்" என்றாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் போனை எடுத்தேன். நம்பரை அழிக்காமல் வைத்திருந்தது ஏன் என்று எனக்கே தெரியாது. மூச்சம்மாதான் எடுத்தாள். பின்னால் அதே புல்லாங்குழல்.

"மேடம், நான்தான்."

"சொல்லும்மா. கடை எப்படிப் போகுது?"

சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "அந்தக் கிண்ணம்," என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் புல்லாங்குழல் மட்டும் கேட்டது.

"ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அன்னைக்கே போயிருப்பம்மா. உன் கைய விட எனக்கு மனசில்ல," என்றாள். "கிண்ணம் இங்கதான் இருக்கு. கழுவித் துடைச்சு வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ. நீ போனதுக்கப்புறம் இங்க யாருக்கும் அது தேவைப்படல."

மூக்கை உறிஞ்சினேன்.

"அழாத," என்றாள். "மூச்சை நல்லா இழுத்து விடும்மா."

குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் கிளம்பிவிட்டிருந்தது. மற்றக் காலைத் தூக்கி அதன் மேல் வைத்து அழுத்தி மிதித்துக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டேன்.